அண்ணனின் பொய் மீன்கள்

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விரால். விஷக்காய்ச்சல் இறங்கியும் கட்டிலோடு கட்டிலாக நான் கிடந்த நாட்கள் அவை. எழுந்து நின்றால் கால் துவண்டுவிடும். கஞ்சியைக் கண்டாலே குமட்டும். "விரால் சாறு வெச்சுக் குடுங்க. தெம்பு வந்தாத்தானுங்க காலு பேச்சைக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தியர் அண்ணனோடு வாசலுக்குப் போனார்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குளம். விராலுக்கு என்ன பஞ்சம்? காலையில் மீன்காரி பானையில் உயிரோடு கொண்டுவந்து வாசலில் நிற்பாள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! எனக்கு வாய்த்த பூசாரி என் அண்ணன்.

ஆனைமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், எனக்குச் சீக்கு என்றதும் லீவு போட்டு வந்திருந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் உள்ளே மரத்தில் செதுக்கிய மீன்கள். வர்ணம் அடித்து, கண்ணாடிக் கண் வைத்து, வயிற்றுக்குக் கீழே கொக்கி தொங்கவிட்ட பொய் மீன்கள். சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்ததாம். கொச்சிப் பக்கம் கடலோர ஆறுகளிலும் கால்வாய்களிலும் துரை இவற்றை வீசித்தான் மீனாக அள்ளுவாராம். வீசி இழுத்தால் பொய் மீன் நீந்தும். நிஜ மீன் ஏமாந்து வந்து கவ்வும். புழுவும் வேண்டாம், வலையும் வேண்டாம்.

"என்ற தங்கச்சிக்கு என்ற கையால புடிச்ச மீனுதான். நீங்க போங்கம்மா" என்று மீன்காரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன். "பொறந்தவன் ஆசையாச் செய்யறப்ப நாம குறுக்க போனா, தாய் ஊட்டைக் கொறைச்ச மாதிரி ஆயிருங் கண்ணு. கம்முனு இரு" என்று என் மாமியார் அடுப்படிக்குள் போய்விட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற குடும்பம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரராவது சொல்லுவார் என்று பார்த்தால், மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக மச்சானோடு சேர்ந்து தூண்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிட்டார். இருவரும் குளத்துக்குப் போவார்கள். பொழுதோடு வெறுங்கையோடு வருவார்கள். தண்ணீர் கலங்கல் என்பார் அண்ணன். மறுநாள் வெயில் அதிகம். அதற்கு மறுநாள் காற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கொக்கி அல்லிக் கொடியில் மாட்டியது, கோரையில் மாட்டியது. ஒருநாள் குளத்தில் கிடந்த எருமையின் வாலில் மாட்டி, எருமைக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். மீன் மட்டும் மாட்டவில்லை. எனக்கு மறுபடியும் ரசஞ்சோறு. குளத்து மீன்கள்தான் எத்தனை விவரமானவை, இந்த வீட்டில் அத்தனை விவரம் ஒருத்தருக்கும் இல்லை.

மில்லுக்கு விடுமுறையான ஒரு காலை, அண்ணனும் என் வீட்டுக்காரரும் குளத்துக்குப் போயிருந்தார்கள். அத்தை மாட்டுக் கொட்டகையில் இருந்தார். மீன்காரியின் பானைக்குள் விரால் துள்ளுகிற சத்தம் தெருவில் கேட்டது. இன்றாவது கூப்பிடுவாள் என்று தலையைத் தூக்கினேன். அவள் எங்கள் வாசலில் நிற்கவே இல்லை. இந்த வீட்டில் மீன் எடுக்கமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள் போல.

அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போர்வையை உதறினேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே குளத்தங்கரைக்கு வந்துவிட்டேன்.

அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று அல்லிக் கொடியிலிருந்து பொய் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கரையில் நின்று தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா! உங்க கட்டை மீனுல நிஜ மீனு மாட்டறதுக்குள்ள நான் மண்ணுக்குள்ள போயிருவேனுங்க! தங்கச்சி மேல பாசமிருந்தா இப்படியா பட்டினி போடுவீங்க?"

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். தடுமாறிக் கரையேறி, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நடந்தா வந்தே, அம்மணி?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. உறைத்ததும் நானும் அவர் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ இனி எந்திரிக்கறது சாமி கையிலதான்னு வைத்தியர் அன்னிக்கு வாசல்ல வெச்சுச் சொல்லிப்போட்டாரு. ஊட்டுல உக்காந்து உன்ற மூஞ்சியப் பாக்க முடியல. இங்க வந்து நின்னா உன்ற நெனப்பு வராதுன்னு பார்த்தேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "வராம எங்க போகுது!"

என் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் முந்தானையால் காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன்.

"அழுதது போதுமுங்ணா. என்னால இனி ஒரு அடி வெக்க முடியாது. ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க."

அண்ணன் என்னைத் தூக்கினார். "உன்ற உடம்புல கனமே இல்லியே, அம்மணி" என்று வழி நெடுக அழுதுகொண்டே வந்தார். மீன் வாங்கிக் கொடுத்திருந்தால் கனம் இருந்திருக்கும் என்று நானும் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன்.