கருப்பாத்தாள் ஊற்றிய அரை டம்ளர்

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ் அடிவாரத்து ஊரில் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே என் மருந்துக்கடை. போர்டில் ஜாபர் அலி என்று எழுதியிருந்தாலும் மலைச்சனங்களுக்கு நான் பாய்தான். முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து நிறையப் பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். காய்ச்சல் விடவில்லை என்று திட்டியவர்கள் உண்டு. நீயே ஊசி போடு என்று கேட்டு, நான் மாட்டேன் என்றதற்குத் திட்டியவர்கள் உண்டு. எல்லாவற்றையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டேன். மலைமேல் வளப்பூர் நாட்டுக் கருப்பாத்தாள் திட்டியது மட்டும் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதனால்தான்.

கருப்பாத்தாளுக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். பலாப்பழத்துக்குத் தனி டிக்கெட் எடு என்ற கண்டக்டரிடம், "பழம் எம் மடியிலதான உக்காந்திருக்குது, உங்க சீட்டுலயா உக்காந்திருக்குது?" என்று கேட்டுவிட்டு, மலைப்பாதையின் எழுபது வளைவும் அந்தப் பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கியவள். மிளகு சரியாகக் காயவில்லை என்று சொன்ன வியாபாரியின் கையில் ஒரு பிடி மிளகைத் திணித்து, "கடிச்சுப் பாருங்க" என்று நின்றவள். அவர் கடித்துக் கண்ணில் தண்ணீர் விடும்வரை நகரவில்லை. அவள் புருஷன் ராசப்பன் நேர்மாறு. கடைக்கு இரண்டு பேரும் வந்தால் அவள் பேசுவாள். அவன் பின்னால் நின்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிரிப்பான். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பது மாசியில் மிளகு பறிக்க ஏறிய ராசப்பன் மரத்திலிருந்து விழுந்தான். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம், ஒற்றை மூங்கில் ஏணி. இருபத்தைந்து வருஷம் ஏறிய மரம்தான், ஆனைக்கும் அடி சறுக்கும். விலா எலும்பு இரண்டு முறிந்து, மூச்சு வாங்கி, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் கட்டியிருந்த நீரைக் குழாய் வைத்து எடுத்தபோது அது பால் மாதிரி வெள்ளையாக வந்ததாம். சாப்பாட்டில் இருக்கிற கொழுப்பைச் சுமந்துபோகும் குழாய் ஒன்று நெஞ்சுக்குள் இருக்கிறது, அது கிழிந்துவிட்டது என்றார்கள். அது ஆறும்வரை எண்ணெய், கறி, பால், தேங்காய், கடலை எதுவும் ஆகாது. அதெல்லாம் இல்லாமல் உடம்பு வற்றிவிடும். அதற்காக ஒரு தனி எண்ணெய் இருக்கிறது, அந்தக் குழாய்ப் பக்கம் போகாமல் நேராக ரத்தத்தில் சேருவது. அதன் பெயர் எம்.சி.டி. ஆயில்.

மூன்று வாரம் கழித்து அனுப்பும்போது சீட்டில் அதை எழுதிக் கொடுத்தார்கள். எப்படி எழுதினார்கள் என்பதைக் கேளுங்கள். 'எம்.சி.டி. ஆயில், தினமும், சொன்னபடி.' அவ்வளவுதான். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, என்ன சொன்னது? பேனாவில் மை தீர்ந்துபோயிற்றா, இல்லை மலையிலிருந்து வந்தவனுக்கு இது போதும் என்று நினைத்தார்களா? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் அடுத்தவர் மேல் கொதிப்பது சுலபம். என் பங்கையும் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணெய் அப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடையாது. சென்னைக்குச் சொல்லி வரவழைக்க எட்டு நாளாயிற்று. பாட்டில் வந்த அன்று கருப்பாத்தாள் வந்தாள். கடையில் கூட்டம். எதிரே மலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"பாயி, இது ஒரு நாளைக்கு எவ்வளவுங்க?"

"டாக்டர் சொன்னபடிதான் அம்மிணி."

"அவரு மருந்துக்கடையில கேட்டுக்கச் சொன்னாருங்க."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் மருத்துவர் சொன்னபடி என்றுதான் ஆங்கிலத்தில் இருந்தது. டாக்டர் கடையைக் காட்டுகிறார், கடை டாக்டரைக் காட்டுகிறது, பாட்டிலும் டாக்டரைக் காட்டுகிறது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கவுரவம் விடவில்லை.

"எண்ணெய்தான அம்மிணி? சத்துக்குக் குடுக்கறது. நல்லாக் குடுங்க, வெரசாத் தேறிருவாரு. பஸ் போயிரும், ஓடுங்க."

அவள் ஓடினாள். நான் அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மலையில் குடிக்கிற எண்ணெய் என்றால் விளக்கெண்ணெய்தான். அதைக் குடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளர், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. பிறகு வயிறு போகும். போகட்டும் என்றுதான் கொடுப்பது. உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் கழிந்தால் உடம்பு தேறும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. கருப்பாத்தாள் அந்த முறையில்தான் கொடுத்தாள். முதல் நாள் ராசப்பனுக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றால் போயிற்று. நெஞ்சில் கட்டிய அந்த வெள்ளை நீர்தான் இறங்குகிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் நாளும் அரை டம்ளர். மூன்றாம் நாள் அவனுக்கு உட்கார முடியவில்லை. அன்றைக்கும் கொடுத்தாள். மருந்து கேட்கிறது என்று நம்பினாள், பாவம்.

மூன்றாம் நாள் மதியம் ராசப்பனின் தம்பி காளியண்ணனும் இன்னும் மூன்று பேரும் கம்பளியில் தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கி வந்து, பஸ் ஏற்றி, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அவனை உள்ளே படுக்க வைத்துவிட்டு அவள் நேரே என் கடைக்கு வந்தாள். பாட்டிலை வைத்த வேகத்தில் மேசைக் கண்ணாடி கீறல் விட்டது.

"நல்லாக் குடுன்னு சொன்னீல்ல? நல்லாத்தான் குடுத்தேன். வந்து பாரு!"

எப்போதும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடையை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் போய் அவனைப் பார்த்தேன். கண் இரண்டும் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சலைன் ஏற்றிக்கொண்டிருந்த இளம் டாக்டர் விவரம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அரை டம்ளரா? வெறும் வயித்துலயா? ஏம்மா, படிக்காட்டியும் புத்தி வேண்டாமா? அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்பாங்களே, கேட்டதில்ல?"

கருப்பாத்தாள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"கேட்டிருக்கறனுங்க. அளவு எவ்வளவுன்னுதான் யாருமே சொல்லலீங்க. சேலத்து டாக்டரக் கேட்டேன், கடையில கேளுன்னாரு. கடையில கேட்டேன், நல்லாக் குடுன்னாரு. இந்தச் சீட்டுலயும் எழுதலை. நான் படிக்காதவ, சரி. படிச்ச நீங்கெல்லாம் எழுதுனீங்களா? எழுதாதவங்களுக்குப் புத்தி இருக்குது, கேட்டவளுக்குப் புத்தி இல்லீங்களா?"

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"இப்பச் சொல்லுங்க. எவ்வளவு?"

அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்னை விட யோக்கியன், தெரியாது என்று சொன்னார். நானும் அவரும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், சேலத்து ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்கிற அம்மாவைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மா தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார். வயிற்றுப்போக்கு நின்ற பிறகு, சின்ன ஸ்பூனில் ஒன்று, ஐந்து மில்லி, மூன்று வேளை. வெறும் வயிற்றில் கூடவே கூடாது, கஞ்சியிலோ சோற்றிலோ கலந்துதான். தாளிக்கக் கூடாது, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஊற்ற வேண்டும். வயிறு ஒத்துக்கொண்டால் நாலைந்து நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டி, வேளைக்குப் பதினைந்து மில்லிவரை போகலாம், அதற்கு மேல் கேட்காமல் போகக் கூடாது. இது இந்த ஆளுக்குச் சொல்கிற அளவு, இன்னொருவருக்கு இதையே கொடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். மொத்தம் இரண்டு நிமிஷப் பேச்சு. இந்த இரண்டு நிமிஷத்தை யாராவது முன்பே அவளுக்குக் கொடுத்திருந்தால் ராசப்பன் அப்படிக் கிடந்திருக்க மாட்டான்.

நான் தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எழுத்து எனக்கு எதுக்குங்க? அளவக் காட்டுங்க."

கடையிலிருந்து இருமல் மருந்து மூடி ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து மில்லி அளந்து ஊற்றிக் காட்டினேன். ஊசி முனையால் அந்த மட்டத்தில் கோடு கீறச் சொன்னாள். பதினைந்துக்கு இன்னொரு கோடு. பிறகு தண்ணீர் ஊற்றி இரண்டு கோட்டையும் அவளே சரிபார்த்தாள். என்னை நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன செய்துவிட்டேன்?

அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி சலீமா பீவி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "வாய் விட்டுக் கேட்டவளுக்குப் பதில் சொல்லாத வாய்க்குச் சோறு ஒரு கேடா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

ராசப்பன் ஒரு வாரத்தில் எழுந்து மலைக்குப் போனான். அதன் பிறகு கருப்பாத்தாள் அவன் சோற்றுக்குக் காவல் உட்கார்ந்தாள். உடம்பு தேறட்டும் என்று ஆசையாக ஆட்டெலும்புச் சூப்பு காய்ச்சிக்கொண்டு வந்தான் காளியண்ணன். அவள் அதை அவன் கண் முன்னாலேயே வாசலில் ஊற்றினாள். ஒரு மாதம் அண்ணன் வீட்டுப் பக்கம் அவன் வரவில்லை. மாதம் இரண்டு தடவை எண்ணெய் வாங்க என்னிடம் வருவாள். ஒவ்வொரு தடவையும் மூடியை எடுத்து வைத்து, கோடு சரியா என்று என்னை அளந்து காட்டச் சொல்வாள். "வேளைக்குப் பத்து ஆயிருக்குதுங்க, வயிறு கம்முனு இருக்குது" என்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வைகாசிக் கடைசியில் மறுபடியும் காய்ச்சல். நெஞ்சில் சீழ் கட்டிவிட்டது என்றார்கள். சேலத்துக்குப் போன ஆறாம் நாள் ராசப்பன் இறந்துபோனான்.

அன்றிலிருந்து, எவ்வளவு என்று எழுதாத சீட்டு எதற்கும் என் கடையில் மருந்து கிடையாது. போன் போட்டுக் கேட்டு, அளந்து காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். சீட்டு எழுதுகிற சில பேருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

ஆடியில் ஒரு நாள் கருப்பாத்தாள் வந்தாள். பாதி இருந்த எண்ணெய் பாட்டிலையும், கோடு போட்ட மூடியையும் மேசையில் வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். திட்டவில்லை. உட்கார்ந்தாள்.

"பாயி, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்க அம்மிணி."

"அந்த மூணு நாளு ஊத்தாம இருந்திருந்தா, அவரு பொழச்சிருப்பாருங்களா?"

டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. பழைய புத்தி. விழுங்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது அம்மிணி. சத்தியமாத் தெரியாது. ஆனா நீங்க எவ்வளவுன்னு கேட்டீங்க. தெரியாதுன்னு நான் சொல்லியிருக்கோணும், இல்லாட்டி கேட்டுச் சொல்லியிருக்கோணும். நல்லாக் குடுங்கன்னு சொன்னேன். தப்பு என்னுது. உங்குளுது இல்லீங்க."

அவள் என்னையே பார்த்தாள். முகம் கோணியது.

"இத இப்பத்தான் சொல்றீங்களா? நாலு மாசமா இந்தக் கைய வெட்டிப் போட்டுரலாம்னு இருந்தனுங்க. மூணாம் நாளு, 'போதும் கருப்பாத்தா, வேண்டாம்'னாரு. மூக்கப் புடிச்சு ஊத்துனது நானுங்க. எங் கையாலதான ஊத்துனேன்."

வலது கையை மேசை மேல் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே மலை பஸ் ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விடும் என்று நானும் சொல்லவில்லை.