இறா ஓடு வாங்கப் பழவேற்காடு போனேன், வெயிலுக்கு வழி கிடைத்தது

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய் வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை. மாடியில் தொட்டி வைத்திருக்கிறேன், அதற்கு எருவாகப் போட இறா ஓடும் நண்டு ஓடும் வேண்டும். அங்கே ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பம் நான் பிறந்த ஊர். என் தம்பி அங்கேதான் தொழில் செய்கிறான்.

கிளம்பும்போதே வயிறு எரிந்துகொண்டிருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி நாலு வீட்டுக்கும் பொது. வெயில் படுகிற கிழக்குப் பக்கம் முழுக்க மேல்வீட்டு பிரபாகர் மண் பை வைத்துக் கீரை போட்டுவிட்டார். என் தக்காளி தண்ணீர் டேங்க் நிழலில் நிற்கிறது. பூக்கிறது, உதிர்கிறது. கேட்டால், "மொதல்ல வெச்சவங்களுக்குத்தான் எடம், பாட்டி" என்கிறார். அவர் பிறக்கும் முன்பிருந்தே அந்த வீட்டில் இருக்கிறவள் நான்.

தண்டையார்பேட்டையிலிருந்து பொன்னேரிக்கு ரயில், பத்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ. பழவேற்காடு பஸ் முக்கால் மணி நேரம் ஓடும். வலது பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் முகத்தில் அடிக்கும். எனக்கு அதுவும் எரிச்சல். வேண்டாத இடத்தில் எவ்வளவு வெயில்!

ஏரிக்கரையில் தம்பி வலை தைத்துக்கொண்டிருந்தான். எதிரே மற்றவர்கள் கூடை கூடையாக இறா இறக்குகிறார்கள்.

"இன்னாடா, இறா இப்டி வருது, நீ குந்திக்கினு கீற?"

"இன்னிக்கு நம்ம பாடு இல்லக்கா."

பாடு என்றால் முறை. ஏரியில் நல்ல இறா விழுகிற இடங்களில் ஒவ்வொருவரும் தங்கள் முறை வரும் நாளில்தான் வலை கட்டலாம்.

"ஒரு ஓரமா கட்டுனா யாருக்குத் தெரியப்போவுது?"

"டவுனுக்குப் போயி கெட்டுப்பூட்டியேக்கா" என்று சிரித்தான்.

மாடிக் கதையை அவனிடம் கொட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, ஊசியை நிறுத்தாமலே கேட்டான்: "செரி, அந்தப் பக்கம் உன் மொற என்னிக்கு?"

வெயிலுக்கும் முறை இருக்கும் என்றே நினைத்துவிட்டான். ஏரிக்கு இருக்கிற நியாயம் ஒரு மொட்டை மாடிக்கு இல்லையா?

ஓடு வாங்கப் போகிறவர்களுக்கு: மூடி போட்ட வாளி கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கண்டக்டர் ஏற்றமாட்டார். உப்புப் போட்டுக் காயவைத்ததை வாங்காதீர்கள், செடி கருகிவிடும். காலையில் படகு வந்ததும் போனால் சும்மாவே அள்ளித் தருவார்கள்.

திரும்பியதும் மற்ற இரண்டு வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். கிழக்குப் பக்கம் மாதம் ஒரு வீட்டுக்கு, சீட்டுப் போடுவோம் என்றேன்.

"வெயிலுக்கெல்லாமா மொற வெப்பாங்க?" என்றார் பிரபாகர்.

"ஏரிக்கே வெச்சிருக்காங்க, வந்து பாரு" என்றேன். மூன்று வீடு ஒரு பக்கம் நின்றதால் அவரால் மறுக்க முடியவில்லை.

சீட்டு எடுத்தோம். முதல் மாதம் அவருக்கே விழுந்தது. இரண்டாவது எனக்கு.

ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் பையை நான் தொடவில்லை. தம்பி மாதிரி குந்திக்கொண்டிருக்கிறேன். என் மாதம் பிறக்கிற ஒன்றாம் தேதி விடிந்தும் அவர் பை ஒன்று அங்கே இருந்தால், டேங்க் நிழலுக்கு நானே தூக்கிக்கொண்டு போய் வைப்பேன்.