ஏரிக்கரையில் ஒற்றை நாற்காலி

"அங்க ஒரு நாற்காலி இருந்துச்சா, ரெண்டா?"

தோரில் என்ற கடைக்கார அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் உண்மையைச் சொன்னேன். போலீஸிலும் அதையேதான் சொன்னேன். பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். இதில் ஒரு சொல்கூட நானாகச் சேர்த்ததில்லை.

நானும் யோஸ்டும் ஹாலந்துக்காரர்கள். கல்யாணமான பிறகு வந்த முதல் வசந்தம். உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, ஸ்பெயினில் பூ பூத்தபோது கிளம்பினோம். வசந்தம் வடக்கே நகர நகர நாங்களும் அதன் பின்னாலேயே போனோம். ஓட்டியது அவன். பேசியதும் அவன். ரொட்டிக் கடையில், படகுத்துறையில், பக்கத்து வேன்காரர்களிடம்... எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். புது ஆட்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "லீக்கே, நீ பேச ஆரம்பி, நான் நிறுத்திடறேன்" என்று கேலி செய்வான். நான் ஆரம்பித்ததில்லை. அவன் நிறுத்தியதுமில்லை.

மே மாதக் கடைசியில் நார்வேயின் வடக்கே ஓர் ஏரிக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பருவத்தில் அங்கே இரவு இருட்டாது. நள்ளிரவிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். ஏரியில் பனிக்கட்டி பாதிதான் உருகியிருந்தது. காலையிலிருந்து மழை. கரையெல்லாம் சேறு. ஒரே ஓர் இடத்தில்தான் தரை கெட்டியாக இருந்தது. அந்த இடத்தில் பச்சை நிற மடக்கு நாற்காலி ஒன்று.

வேனில் ஊர் சுற்றுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைக்குப் போகும்போது நிறுத்திய இடத்தில் நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவோம். இது எங்கள் இடம், திரும்பி வருவோம் என்று அர்த்தம். அந்த நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள்.

யோஸ்ட் தொட்டான்.

"வேணாம் யோஸ்ட். ஆள் வந்துடுவாங்க."

"வரட்டும் மகாராணி. வந்தா நானே காப்பி போட்டுக் குடுத்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். சேத்துல மாட்டுனா வேனை நீயா தள்ளுவ?"

நாற்காலியைத் தூக்கிப் புதருக்குப் பின்னால் வைத்தான். அப்போதுதான் கவனித்தேன். நாள் முழுக்க மழை பெய்திருக்கிறது. ஆனால் நாற்காலியில் கிடந்த கம்பளி நனையவில்லை. நாற்காலி இருந்த இடத்தில் ஒரு காப்பிக் கோப்பை. தொட்டுப் பார்த்தேன்... சூடாக இருந்தது.

சுற்றிலும் சேறு. எங்கள் சக்கரத் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை. ஒரு காலடிகூட இல்லை.

சொன்னேன். "பயப்பட உனக்கு ஒரு சாக்கு கெடைச்சா போதும்" என்று சிரித்தான்.

அந்த இடத்திலேயே வேனை நிறுத்தித் தூங்கினோம். விழித்தபோது இரவு மணி இரண்டு பத்து. ஒரு சத்தம்தான் எழுப்பியது. ஏதோ டீசல் வண்டி, ஏரிக்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தது. சக்கரத்தின் கீழே சரளைக்கல் நொறுங்கியது. கர்ர்ர்... கர்ர்ர்... பக்கத்தில் வந்துவிட்டது என்று நினைத்த நொடியில் பனிக்கட்டி உடையும் சத்தம். பிறகு அமைதி.

மறுபடியும் தூரத்தில் அதே வண்டி. அதே கர்ர்ர்...

கையை நீட்டினேன். படுக்கையில் யோஸ்ட் இல்லை.

கதவைத் திறந்தேன். பச்சை நாற்காலி பழைய இடத்துக்கே வந்திருந்தது. எங்கள் வேனை ஒட்டியபடி. அதில் யோஸ்ட் உட்கார்ந்திருந்தான். தோளில் அந்தக் கம்பளி. கையில் அந்தக் கோப்பை. கண் சாலையின் மேல்.

"யோஸ்ட்... உள்ள வா."

அசையவில்லை. கையைப் பிடித்தேன். ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது. இழுத்தேன். ஒல்லியான ஆள்தான் அவன். ஆனால் பாறையை இழுப்பதுபோல் இருந்தது. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"அவ வந்துட்டிருக்கா" என்றான். குரல் அவனுடையது. பேச்சு அவனுடையதில்லை.

"யாரு?"

"எடம் இல்லன்னா எங்க நிறுத்துவா?"

போனில் சிக்னல் இல்லை. கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஏரிதான் திருப்பிக் கத்தியது.

கர்ர்ர்... கர்ர்ர்...

அப்போது புரிந்தது. இடம் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் இவன் எழுந்திருக்க மாட்டான்.

நான் அந்த வேனை ஓட்டியதே இல்லை.

சாவியைத் திருகினேன். இன்ஜின் அணைந்தது. மறுபடி திருகினேன். அணைந்தது. அழுதுகொண்டே திருகினேன். வேன் சாயாமலிருக்கச் சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த கட்டைகளிலிருந்து வேன் தடாலென்று இறங்கியது. சேற்றில் வழுக்கியது. எப்படியோ சாலையில் ஏறியது.

கண்ணாடியில் பார்த்தேன்.

யோஸ்ட் எழுந்துவிட்டான்.

கம்பளியைப் போர்த்தியபடி மெல்ல நடந்து வந்தான். என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். கட்டிக்கொண்டு அழுதேன். அவன் கண் சாலையின் மேலேயே இருந்தது.

பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். கிளம்பும்போது கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தேன்.

அங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன.

எங்களுடையவை வேனுக்குள் கட்டியபடி கிடந்தன.

ஓட்டத் தெரியாமல் நின்று நின்று ஓட்டி, கடை திறக்கும் நேரத்தில் ஊருக்குள் போய்ச் சேர்ந்தேன். வழி முழுக்க யோஸ்ட் வாய் திறக்கவில்லை. இறங்கிவிடுவானோ என்று பயந்து வேனைப் பூட்டினேன். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு கடைக்குள் ஓடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் மூச்சுவிடாமல் பேசினேன்.

தோரில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எடத்துலயா நிறுத்துனீங்க? அய்யோ, பொண்ணே... பல வருஷம் முன்ன ஆர்னேன்னு ஒருத்தர் வேன்ல வந்து அங்க தங்குனாரு. அவரு பொண்டாட்டி வேனை எடுத்துட்டு ரொட்டி வாங்க இந்தக் கடைக்குத்தான் வந்தா. அவரு நாற்காலியப் போட்டு எடத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. திரும்பிப் போறப்ப வேன் சறுக்கி ஏரிக்குள்ள போயிடுச்சு. அவருக்குத் தெரியாது. விடிய விடியக் காத்திருந்தவரு, உக்காந்தபடியே வெறச்சுப் போயிட்டாரு. வசந்தம் வந்தா அந்த நாற்காலியும் வந்துடும். நாங்க யாரும் தொடறதில்ல."

சட்டென்று நிறுத்தினார். பிறகுதான் அதைக் கேட்டார்.

"கெளம்பறப்ப, அங்க ஒரு நாற்காலி இருந்துச்சா, ரெண்டா?"

"ரெண்டு."

என் கையை விட்டுவிட்டார்.

"ஒரே ஒரு தடவைதான் ரெண்டு இருந்துச்சு. அந்த வருஷம் ஒரு ஜெர்மன்காரரு காணாம..."

ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தார்.

ஓடினேன்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் கையில்.

பெல்ட் நான் மாட்டியபடியே இருந்தது.

இருக்கையில் அந்தக் கம்பளி. மடித்து வைத்திருந்தது. நனையவே இல்லை.

இரண்டு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவன் என் யோஸ்ட்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.