கரை சேராத படகுகளை நீக்கச் சொன்னார்கள்

எலவனாசூர்கோட்டையில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் கொளஞ்சியப்பனின் மகள் இலக்கியா. கணிதத்தில் முதுகலை முடித்து, சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவரை அவள் கடலைப் பார்த்தது இரண்டே முறை. கிடைத்ததோ கடல் வேலை. புயலோ போரோ வந்தால் எந்தக் கப்பலை எங்கே முன்கூட்டி நிறுத்தினால் அதிகம் பேரைக் காப்பாற்றலாம் என்று கணித்துச் சொல்லும் கணினி நிரல். மூன்று வருடம் ஆசை ஆசையாக அதை எழுதினாள்.

அந்தக் கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் கிளம்பியது. நிரலை வாங்கியிருந்த அரசு அலுவலகத்திடம் மீட்புக் கப்பல்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் தெற்கே அனுப்பு என்றது நிரல். துறைமுகப் பதிவேட்டின்படி சின்னப் படகுகள் இன்னும் கரை சேராமல் இருந்தது அங்கேதான். கப்பல்களோ ஒரு விழாவுக்காக வடக்கே நின்றன. நகர்த்த மேலிடத்துக்கு மனமில்லை. மேலாளர் சிவசங்கர் அவளை அழைத்து, இருப்பிடம் காட்டும் கருவி இல்லாத படகுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு நிரலை மறுபடி ஓட்டச் சொன்னார். அப்போது கப்பல்கள் வடக்கிலேயே நிற்கலாம் என்று முடிவு வரும்.

“அதுலயும் ஆளுங்க இருக்காங்களே சார்?”

“திரையில தெரியாத படகுக்கு எப்படிம்மா கப்பல் அனுப்புறது?”

அவள் மறுத்தாள். வேறொருவரை வைத்து ஓட்டி, அவள் பெயரையே போட்டு அறிக்கை அனுப்பினார்கள். கப்பல்கள் நகரவில்லை.

புயல் திசைமாறிக் கடலிலேயே வலுவிழந்தது. படகுகள் தாமாகவே கரை சேர்ந்தன. பத்து நாள் கழித்துப் பாராட்டு விழா. நிரல் துல்லியமாகக் கணித்ததாம். மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் மேடையிலிருந்து இறங்கினாள். நேரே கழிவறைக்குப் போனாள். பொன்னாடையை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள்.

நீக்கியது என்ன என்று விளக்கி, இரண்டு முடிவுகளையும் இணைத்து, நிரலை வாங்கிய அலுவலகத்துக்கு எழுதினாள். பதில் வரவில்லை. அதே வாரம் வேலையை விட்டாள்.

“இன்னாம்மா, நல்ல வேலைய வுட்டுட்டு வந்து நிக்கிற?” என்றார் கொளஞ்சியப்பன்.

“அங்க சோறு எறங்கலப்பா.”



இப்போது கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில், எந்த ஊர்க் கரும்பை எந்த நாளில் வெட்டுவது என்று வரிசை போடுகிறாள். அவள் பழைய வேலையைக் கேள்விப்பட்டு, அங்கே எல்லோரும் அவளைக் ‘கப்பல் மேடம்’ என்று கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்பதாக இல்லை.