சும்னே வந்த கட்டி

மைசூரில் யாரிடமும் காரணம் கேட்கக் கூடாது என்பதை வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டேன். மண்டி மொஹல்லாவில் குழி தோண்டுவதை ஒரு கூட்டம் நின்று பார்க்கும். ஏன் நிற்கிறீர்கள் என்றால் "சும்னே" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டுக்கு வருவதும் சும்னேதான். நம் ஊர் 'சும்மா'தான் அது. ஆனால் இங்கே அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. மேலே கேட்பவன்தான் மரியாதை தெரியாதவன். தருமபுரிக்காரனான எனக்கு அந்தச் சொல் பிடித்தே இருந்தது, கண் டாக்டர் அதைச் சொல்லும்வரை.

எங்கள் மகள் பவித்ராவுக்கு மூன்று வயது. போட்டோக்களில் அவளுடைய இடது கண் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. விழித்திரையில் புற்றுக்கட்டி, கண்ணை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். எங்கள் இருவர் ரத்தத்திலும் கோளாறு இல்லையாம். குழந்தையின் கண்ணில் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்த பிழையாம். "யாக்கே டாக்டர்?" என்று ஏன் என்பதைத் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டாள் என் மனைவி செல்வி. "சும்னே ஆகுத்தம்மா. யார தப்பூ அல்ல," என்றார் அவர், யார் தப்பும் இல்லை என்று ஆறுதலாகத்தான். செல்வி காதில் தப்பு மட்டும்தான் விழுந்தது.

"யார் தப்புன்னு கேக்கறாரா?" என்று என்னைப் பார்த்தாள்.

காரணம் தெரியாமல் பிள்ளையின் கண்ணை எடுக்க விடமாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவன். தற்செயலான பிழைகளால் கண் மாதிரி ஒன்று உண்டாகுமா சார் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் குஷியாகிவிடுவேன். பிழை மட்டும் கண்ணைச் செய்யாது. பிழைகளில் உதவியதை இயற்கை தக்கவைத்தது. வெளிச்சம் உணரும் ஒரு திட்டு, பிறகு ஒரு குழி, பிறகு வில்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. அந்தப் பதில் சரிதான். நாளைக்கும் அதையேதான் நடத்துவேன். செல்வியிடமும் அதையே நடத்தினேன். பாழாய்ப்போன வாத்தியார் வாய்.

"அப்ப கண்ணும் சும்மா வந்தது, கட்டியும் சும்மா வந்ததுன்றீங்க."

"பிழைதான் சும்மா வரும். உதவறது தங்கும். உதவாதது போயிடும்."

"போயிடும்னா? நேரா சொல்லுங்க."

உதவாதது கழிந்துபோகும் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! கழிந்துபோனவற்றில் ஒன்றுக்குக்கூட முகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"உங்க பாடத்துப்படி இவ போகவேண்டியவ. நான் உடமாட்டேன்," என்றாள் செல்வி. "கண்ண எடுத்துக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது பவித்ராவின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. "அம்மா, நோவு," என்றாள். குண்டலுபேட்டைக்கார நர்ஸ், "எல்லி நோவு புட்டா?" என்று செல்லமாகக் கேட்டு வலது பக்கம் குனிந்தாள். "எங்கம்மா நோவுது?" என்று செல்வி இடது பக்கம் குனிந்தாள். இரண்டு பேருக்குமே குழந்தை தங்கள் மொழியில் அழைத்ததாகத்தான் கேட்டிருக்கிறது. கன்னடத்தைப் போலவே எங்கள் தருமபுரியிலும் வலியை நோவு என்றுதான் சொல்வோம். மகள் எந்த மொழியில் சொன்னாள் என்று எனக்கே தெரியவில்லை. கட்டுப் போட்ட பக்கம் நின்ற அம்மாவை அவளால் பார்க்க முடியவில்லை. மிச்சமிருந்த கண்ணுக்கு நர்ஸ்தான் தெரிந்தாள். அவளைப் பார்த்து, இங்கே என்பதைக் கன்னடத்தில் சொன்னாள்: "இல்லி."