ஆள் வராத சாமத்திய வீடு

எங்கள் சமையலறை ஜன்னலால் பார்த்தால் தேவாலயத்து மண்டபம் நேரே தெரியும். வுப்பர்டாலில் மேட்டுப் பக்கம், பேருந்து கடைசியாக நிற்கும் இடம். நான்கு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் இருபது தமிழ்க் குடும்பங்களாவது அப்போது இருந்தோம். பிறந்தநாள், சாமத்திய வீடு, செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி எல்லாம் அந்த மண்டபத்தில்தான். இப்போதும் சனிக்கிழமைகளில் அங்கே ஆள் நடமாட்டம் கண்டால் திரையை இழுத்து விடுவேன். இழுத்த பிறகும், உள்ளே கதிரைகள் நிரம்பியிருக்குமா என்றுதான் நினைப்பு ஓடும்.

எங்கள் கட்டடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் யாருக்கு டெர்மின் என்று நாள் குறித்தாலும் அவர்தான் கூட வர வேண்டும். எல்லோரும் அவரைப் பயன்படுத்தினோம். என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இது சரிவராது அக்கா, வீணா நம்பிக்கொண்டு இராதேங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அவர் சொன்னபடிதான் நடந்தது. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்காது.

யூரோ வந்து இரண்டு வருடம் இருக்கும். பக்கத்துக் கட்டடத்து இளைஞன் ஒருவனை, அவன் அனுமதியில்லாமல் வேலை செய்த உணவகத்தில் வைத்துப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊரே கதைத்தது. பேருந்துத் தரிப்பிடத்தில் ஐந்தாறு பெண்கள் நின்றபோது நான் வாயைத் திறந்தேன்.

"பிடிக்கிறதுக்கு முதல் கிழமை எங்கடை மொழிபெயர்ப்பாளரை வெளிநாட்டவர் கந்தோரிலை கண்டனான். உத்தியோகத்தரோடை சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவர்."

கண்டது உண்மை. ஆனால் அந்தச் 'சிரிச்சுச் சிரிச்சு' என்பதை எதற்காகச் சேர்த்தேன் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கிழமையோடு அவருடன் யாரும் கதைக்கவில்லை. அவர் மனைவி பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவள் எழும்பி நிற்பாள். டெர்மினுக்கு வேறு நகரத்திலிருந்து ஆள் பிடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த மனைவி எங்கள் வீட்டு மணியை அடித்தாள். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு செய்கிறார்கள். இரண்டு கையாலும் அழைப்பிதழை நீட்டினாள்.

"அக்கா, நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"பாப்பம்" என்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

அடுத்த நாள் நிலவறையில் உடுப்புத் தோய்க்கப் போனபோது மூன்றாம் மாடி அக்கா நின்றார். இயந்திரம் சுற்றும் சத்தத்துக்குள் மெல்லச் சொன்னார்.

"தங்கச்சி, வெளியிலை விட்டிடாதை. அண்டைக்கு அந்த மனுசன் கந்தோருக்கு வந்தது எங்கடை அலுவலாத்தான். என்ர தம்பிக்கு விசா அன்ட்ராக் எழுதிக் குடுக்க."

"ஐயோ, அப்ப ஏனக்கா இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"திறந்தால் தம்பி என்ர வீட்டிலை ஒளிச்சிருந்தது ஊருக்குத் தெரிஞ்சிடும். நீயும் பொத்திக்கொண்டு இரு. இப்ப மாத்திக் கதைச்சியோ, அடுத்தது உன்னைத்தான் ஒதுக்குவாளவை."

சடங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் பேருந்துத் தரிப்பிடத்தில் அதே பெண்களோடுதான் நின்றேன். ஒரு வசனம் சொன்னால் போதும். சொல்லவில்லை. பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

சடங்கன்று பட்டுச்சேலை கட்டி, மேலே குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். மண்டபத்தின் கண்ணாடிச் சுவரால் உள்ளே எல்லாம் தெரிந்தது. மேடையில் அந்தப் பிள்ளை முழு அலங்காரத்தில் நின்றாள். கீழே கதிரைகள் வரிசை வரிசையாக வெறுமையாக இருந்தன. அவளுடைய வகுப்பு ஆசிரியை, நாலைந்து ஜெர்மன் பிள்ளைகள், மண்டபத்துக் காவலாளி, வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு குடும்பம். அவ்வளவுதான். வீடியோக்காரர் அவர்களை எழுப்பி எழுப்பி இடம் மாற்றிக்கொண்டிருந்தார். "எல்லாரும் முன்னுக்கு வந்து நெருக்கி இருங்கோ, கமெராவுக்கு ஆள் நிறையத் தெரியவேணும்!" பிறகு அதே ஆட்களை மற்றப் பக்கத்துக் கதிரைகளில் இருத்தினார். ஜெர்மன்காரர்கள் அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மாறி மாறி இருந்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை.

வாசலில் பன்னீர்ச் செம்போடு தாய் நின்றாள். என்னைக் கண்டதும் செம்பைத் தூக்கினாள். நான் மேலே பார்த்தேன். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி ஜன்னலில் அக்கா நின்றார்.

"நான் கடைக்குப் போறன்" என்றேன்.

அவள் என் கோட்டுக்குக் கீழே தெரிந்த சேலைக் கரையைப் பார்த்தாள். "ஓம் அக்கா, போட்டு வாங்கோ. சாப்பாடு கனக்க இருக்கு."

கடையில் என்ன வாங்கினேன் என்று நினைவில்லை. திரும்பும்போது பின்பாதையால் வந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் லண்டனுக்குப் போய்விட்டார்கள். எந்தப் பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குப் போனாலும் மேடையில் அந்தச் சிரிக்காத முகம்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் பொறுத்தேன். ஒரு பிறந்தநாள் விழாவில், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் நிலவறையில் கேட்டதைச் சொன்னேன். அக்காவின் தம்பிக்கு அதற்குள் விசா கிடைத்திருந்தது. முதலில் வாய் திறந்தவர் அக்காதான்.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி! பாவம், அதுகள்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாரோ ரோல்ஸ் தட்டை நீட்டினார்கள். எனக்கு அந்தத் தட்டைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. எடுத்துத் தின்றேன்.

பிறகு தமிழ்க் கடைக்காரரிடம் அவர்களுடைய லண்டன் தொலைபேசி இலக்கத்தை வாங்கி எடுத்தேன். அந்தத் தாய்தான் பேசினாள். நான் யார் என்று சொன்னதும் சுகம் விசாரித்தாள். பேருந்துத் தரிப்பிடத்தில் சொன்னது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும் அக்கா. அந்தக் கிழமையே இவருக்குத் தெரியும்."

"அப்ப ஏன் வீடு தேடி வந்து எனக்கு அழைப்புக் காட் தந்தனீர்?"

"கந்தோரிலை கண்டது நீங்கள்தானே. நீங்கள் உள்ளை வந்து இருந்தால் மற்றச் சனமும் வரும் எண்டு இவர் சொன்னவர். எல்லாரையும் விட முதல் காட் உங்களுக்குத்தான் எழுதினது."

மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். அங்கேயும் குளிரா என்று கேட்டேன். குளிர்தான் என்றாள். அங்கே ஒரு பெண் பிள்ளையின் குரல் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. "ஒருதருமில்லை, சும்மா" என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத் தாய் தொலைபேசியை வைத்தாள்.