பதின்மூன்று வகையும் ஒரு நிஜப் போலீஸும்

குலசேகரன்பட்டினத்துத் தசரா நெருங்கினால் தூத்துக்குடியில் எங்கள் ஆபீஸ் வாசலுக்குக் காளி வருவாள், கரடி வரும், ராஜா வருவார். நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியவர்கள் காணிக்கை கேட்டு வருவார்கள். நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். பேப்பரும் சரக்குப் பெட்டி நம்பரும் ஒத்துப்போனால் பெட்டியைத் திறக்காமலே வெளியே அனுப்புவது என் முப்பது வருடப் பிழைப்பு. எதையும் மேலாகப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற மிதப்பு அதில் வந்தது.

போன தசராவின்போது காக்கிச் சட்டையில் ஒருவர் வந்து நின்றார். தொப்பை, மீசை, லத்தி எல்லாம் கச்சிதம். "நல்லாக் கட்டியிருக்கீரு" என்று பாராட்டி, பத்து ரூபாய் நாணயத்தை அவர் கையில் வைத்தேன். அவர் நாணயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் நெசப் போலீசு. ரோட்டுல நிக்கிற ஒங்க லாரிய எடுக்கச் சொல்லுங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மறுநாள் குளிர் காய்ச்சல். நான் அசரவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருப்பதால், அதற்கு முந்தைய வருடமே டாக்டர் சொல்லி நிமோனியா ஊசி போட்டிருந்தோம். பதின்மூன்று வகைக் கிருமிகளுக்கு அது காவல் என்று அட்டையில் இருந்தது. அந்த அட்டையை நான் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருந்தேன்.

"நெஞ்சு வலிக்கி. ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றாள் இரண்டாம் நாள்.

"ஏளா, நிமோனியாவுக்குத்தான் ஊசி போட்டாச்சே. இது சும்மா சளி" என்றேன். பீரோவிலிருந்து அட்டையை எடுத்து வந்து காட்டவும் செய்தேன். காய்ச்சலில் கிடப்பவளுக்கு ஆவணம் காட்டிய கணவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்காம் நாள் காலையில் அடுக்களைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கினாள். அவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸிடம் அந்த அட்டையைத்தான் முதலில் நீட்டினேன், கேட் பாஸ் மாதிரி. அவர் அதை வாங்கவில்லை, ஸ்ட்ரெச்சரைத்தான் இழுத்தார்.

ஐந்து நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெளுத்துக் கிடந்தது. ரத்தத்தில் வளர்ந்த கிருமியைப் பெரிய லேபுக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு, அவள் வீடு திரும்பி மீன் குழம்பில் உப்புக் குறைவு என்று என்னைத் திட்டத் தொடங்கிய பிறகுதான் வந்தது. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு விளக்கினார்.

"இதுவும் நியூமோகாக்கஸ் கிருமிதான் அண்ணாச்சி. ஆனா அதுக்கு மேலுறைன்னு ஒண்ணு உண்டு. அந்த உறையை வச்சுப் பாத்தா நூறு வகை கிட்ட இருக்கு. ஊசி ஒடம்புக்கு அடையாளம் சொல்லிக் குடுக்கது உறையைத்தான். இவங்களுக்கு வந்தது அந்தப் பதிமூணுல இல்லாத வகை."

"அப்ப ஊசி போட்டது வீணா?"

"வீணில்ல. ஊசி வந்த பொறவு ஊருல அந்தப் பதிமூணு வகையும் கொறஞ்சிருக்கு. கொறஞ்ச எடத்துல வேற வகை வந்து ஒக்காருது. அதான் ஊசியில வகையைக் கூட்டிக்கிட்டே போறாங்க."

இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் கிளம்பினால் அந்த இடம் காலியாகக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் புத்தி எங்கே போகும்? இப்போது இருபது வகைக்கு ஊசி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதும், அந்த இருபதின் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டேன். டாக்டரம்மா ஒரு தாளைத் தந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினேன்.

மனைவி அந்தத் தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள். கையில் ஊசி குத்திய நீலம் இன்னும் போகவில்லை.

"ஊசியப் போட்டுக்கிடுதேன்" என்றாள். "ஆனா இனிமே நான் இருமுனா அட்டையப் பாக்காதீய. என்னையப் பாருங்க."